சர்க்கரை நோயின் சரித்திரம் – இயல் 19: முட்டைக்குள் கற்ற பாடம்

சென்ற இயலில் குச்சிக்கிழங்கின்மீது தொடுக்கப்பட்ட வழக்கை விசாரித்தோம். அக்கிழங்கிலுள்ள சயனைடுச் சத்தே கணையத்தில் கல் விழுவதற்கும், அதன் வழியாக இளம் வயதிலேயே சர்க்கரை நோய் வருவதற்கும் காரணம் என்று 1979-ஆம் ஆண்டில் மக்மில்லனும் கேரள வைத்தியர் ஜீவர்கீஸும் கூறிய கருத்து, கிழங்கையே உண்ணாத பிரதேசங்களிலும் அவ்வியாதி காணப்பட்டதாலும், 2002-இல் ஹைதராபாத் ஆராய்ச்சியாளர்கள் அந்நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்-1 என்னும் ஜீனில் பழுது இருக்கக் கண்டதாலும், பெரிதும் வலுவிழந்து போன வரலாற்றை, ஜவ்வரிசித் தொழிலால் வாழும் ஆத்தூர், ராசிபுரம் வட்டாரத்து வாசகர்களின் பொருட்டுச் சற்று விரிவாகவே எழுதினேன். கணையம் எவ்வாறு கெடுகிறது என்பது அவ்வியலின் பொருள். கணையத்தின் அணுக்களை மனிதன் தன் கையாலே உண்டாக்கக் கற்ற விதம் இவ்வியலின் பொருள்.

முதலில் அதற்கு நேர்ந்த அவசியத்தைச் சொல்லவேண்டும். கணையத்தின் பெரும்பகுதி ஜீரணநீரைச் சுரப்பது. அதனுள் ஏறத்தாழ பத்து லட்சம் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. அவையனைத்தையும் ஒன்று கூட்டினாலும் கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குக்கு மேல் தேறா. அத்திட்டுகளிலுள்ள பீட்டா அணுக்களே இன்சுலினைச் சுரப்பவை. உடலைக் காக்கப் பிறந்த எதிர்ப்புச் சக்தியே இவ்வணுக்களைப் பகையென்று கருதி அழித்துவிடுவது முதல் வகைச் சர்க்கரை நோய். இந்நோய் கண்ட குழந்தைக்கு இன்சுலின் ஊசி ஆகாரத்தைப் போலவே நித்திய அவசியம். பரமத்தி, சேந்தமங்கலம் பக்கத்துச் சிற்றூர்களில் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், சிறிய மண்கலயத்தில் ஈரமணலைப் பரப்பி, அதன்மேல் மருந்துப் புட்டியை வைத்து, வாயைத் துணியால் மூடி, சித்திரை வெயிலிலும் மணல் காயாதபடி வேளைக்கு வேளை நீர் தெளித்துவரும் தாயின் கவலையை அறிந்தவர்களுக்கு, பீட்டா அணுக்களையே திரும்பக் கொடுக்க முடியுமா என்ற கேள்வி வெறும் விஞ்ஞானக் கேள்வியாகத் தோன்றாது.

கொடுக்க முடியும் என்று 2000-ஆம் ஆண்டில் கனடாவின் எட்மன்டன் நகரத்து வைத்தியர் ஜேம்ஸ் ஷாபிரோ காட்டினார். மரித்தோர் கணையத்திலிருந்து பிரித்தெடுத்த திட்டுகளை ஏழு நோயாளிகளின் கல்லீரல் நாளத்தில் செலுத்தினார்; எழுவரும் ஊசியை விட்டனர். ஆயினும் ஒருவருக்கே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணையங்கள் தேவைப்பட்டன. ஐந்தாண்டு கழிவதற்குள் இச்சிகிச்சை பெற்றோரில் பெரும்பாலோர் மறுபடியும் ஊசிக்குத் திரும்பினர். தானமாகக் கிடைக்கும் கணையங்களோ மிகச் சில. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை ஆராய்ச்சியாளர்கள் நடத்தி 2023-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி நம் தேசத்தில் 10.1 கோடிப் பேர் சர்க்கரை நோயாளிகள். அவர்களில் ஊசியின்றி வாழ முடியாதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், தானத்தை நம்பி அத்தனை பேருக்கும் திட்டுகளை வழங்குவது எக்காலத்திலும் ஆகக்கூடியதன்று.

ஷாபிரோவின் சிகிச்சைக்கு இரண்டாண்டு முன்பே, 1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவின் குருத்தணுக்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்துக் காட்டியபோது, சர்க்கரை நோய் ஆராய்ச்சியாளர்கள் அனைவரின் பார்வையும் அப்பக்கம் திரும்பியதில் வியப்பில்லை. குருத்தணு எவ்வணுவாகவும் மாறவல்லது, முடிவின்றிப் பெருகவல்லது. ஆனால் எதுவாகவும் ஆகக்கூடிய ஒன்றைப் பீட்டா அணுவாகவே ஆகும்படி செய்வது எவ்விதம்? ஆணையிட்டால் அது கேட்பதில்லை. கருப்பையில் கணையம் எந்த வழியாக உருவெடுக்கிறதோ, அந்த வழியைப் படிப்படியாக அறிந்து, ஒவ்வொரு படியிலும் இயற்கை கொடுக்கும் சமிக்ஞையை உரிய காலத்தில் உரிய அளவில் நாமும் கொடுத்தாலன்றி அது நடவாது. அந்த வழியைத் தேடிப் போனவர்களுக்கு முதலில் உதவியது கோழிமுட்டை.

நாமக்கல் என்றதும் முட்டை நினைவுக்கு வராதவர் தமிழ்நாட்டில் இருக்கமாட்டார். ஆகாரத்துக்காக லாரிகளில் ஏறிச்செல்லும் முட்டை சேவல் சேராத கோழி இட்டது. அதில் கரு இல்லை. குஞ்சு பொரிப்பதற்கென்று பண்ணைகளில் அடைவைக்கும் முட்டை வேறு. இருபத்தொரு நாட்களில் பொரிக்கவேண்டிய அம்முட்டையை ஐந்தாறு நாள் சென்றபின் இருட்டறையில் விளக்கின்முன் பிடித்துப் பார்க்கும் பண்ணையாள், ஓட்டுக்குள்ளே செந்நிற நாளங்கள் நாற்புறமும் கிளைவிட்டு ஓடுவதையும், நடுவே கண்ணின் கரும்புள்ளியையும் காண்கிறான். காணாத முட்டையைக் கழித்து ஒதுக்கிவிடுகிறான். தாயின் வயிற்றுக்குள் மறைவாக நிகழும் சிருஷ்டியை ஓட்டைத் திறந்து கண்ணாரக் காணும்படி வைத்திருப்பது முட்டை ஒன்றே. அரிஸ்டாட்டில் காலம் முதலே அறிஞர்கள் அதைத் திறந்து பார்த்து வந்திருக்கிறார்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்து டக்ளஸ் மெல்டன் தவளைக் கருவை ஆராய்ந்து பெயர் பெற்றவர். 1991-இல் அவருடைய ஆறு மாத ஆண்குழந்தைக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் கண்டது. பின்னாளில் மகளுக்கும் கண்டது. அன்று முதல் அவர் தவளையை விட்டுக் கணையத்தைப் பற்றினார். சொந்தத் துயரம் ஒரு மனிதனைச் செயலற்றவனாக்கி உட்காரவைப்பதும் உண்டு. இருபது முப்பது ஆண்டுகள் ஒரே கேள்வியை விடாமல் துரத்தும் பொறுமையை அளிப்பதும் உண்டு. மெல்டனுக்கு அது பொறுமையை அளித்தது.

1997-இல் அவரும் அவருடைய சகாக்களான கிம், ஹெப்ராக் ஆகியோரும் செய்த பிரயோகம் இது. அடைவைத்த இரண்டாம் நாளில், கோழிக்கருவின் முதுகுப்புறத்தில் முதுகுநாண் என்னும் மெல்லிய தண்டு நீண்டிருக்கிறது; அதனடியில் குடலாக மாறப்போகும் படலம் பரந்திருக்கிறது; அவ்விரண்டும் ஓரிடத்தில் ஒட்டி நிற்கின்றன. அந்த முதுகுநாணை நுண்கருவியால் அகற்றிவிட்டால், அப்படலத்தில் கணையத்துக்குரிய ஜீன்கள் விழிப்பதில்லை. எடுத்த முதுகுநாணை மீண்டும் கணையம் தோன்றவேண்டிய படலத்தோடு சேர்த்து வைத்தால் விழிக்கின்றன. ஆக, கணையமே, உன் இடம் இதுதான் என்று சொல்லும் சமிக்ஞை முதுகுப்புறத்திலிருந்து வருகிறது. மறு ஆண்டில் அச்சமிக்ஞையின் பொருளும் விளங்கிற்று. குடற்படலம் முழுவதும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்று விஞ்ஞானிகள் பெயரிட்டிருக்கும் ஒரு புரதத்தைச் சுரந்துகொண்டிருக்கிறது. அது இருக்குமிடத்தில் கணையம் முளைக்காது. முதுகுநாண் தொடும் இடத்தில் மட்டும் அப்புரதம் அடங்கிப் போகிறது. அங்கேதான் கணையத்தின் மொட்டு எழுகிறது. ஏவுதலால் அன்றி, தடை விலகுதலால் ஓர் உறுப்பு பிறக்கிறது என்னும் இவ்வுண்மையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை.

இவ்விடத்தில் கதையில் ஆடுகள் வந்து சேர்கின்றன. குச்சிக்கிழங்குத் தழையையோ இளஞ்சோளப் பயிரையோ அளவு மிஞ்சித் தின்ற ஆடுமாடுகள் மாண்டுபோவதை மேச்சேரிப் பக்கத்து ஆட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். அதுபோன்ற ஒரு விபத்தை, அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் மேய்ச்சல்காரர்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கண்டார்கள். ஆனால் மாண்டது தாயாடு அன்று. அது ஈன்ற குட்டி நெற்றியின் நடுவே ஒற்றைக் கண்ணோடு பிறந்தது. அரசாங்கத்தின் நச்சுத்தாவர ஆராய்ச்சி நிலையத்தார் பல கோடைகளை அம்மந்தைகளுடன் கழித்துத் துப்பறிந்தனர். சினையாடு பதினான்காம் நாளில் மலையில் விளையும் ஒரு காட்டு லில்லியைத் தின்றால்தான் அக்கேடு விளைகிறது என்பது தெரிந்தது. 1960-களில் ரிச்சர்டு கீலர் அச்செடியின் நஞ்சைப் பிரித்தெடுத்தார். கிரேக்கப் புராணத்து ஒற்றைக்கண் அரக்கன் சைக்ளோப்ஸின் பெயரால் அதற்குச் சைக்ளோபமின் என்று நாமகரணம் செய்தனர். அந்நஞ்சு என்ன செய்கிறது என்பது மட்டும் முப்பது ஆண்டுகள் மர்மமாகவே இருந்தது. 1996-இல் சோனிக் ஹெட்ஜ்ஹாக் புரதம் இல்லாத எலிக்குஞ்சும் ஒற்றைக் கண்ணோடே உருவாகக் கண்டபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. லில்லியின் நஞ்சு அப்புரதத்தின் குரலை அடைத்துவிடுகிறது!

உடனே கிம்மும் மெல்டனும் அந்நஞ்சைக் கோழிக்கருவில் பிரயோகித்தனர். கணையம் அதன் இடத்தில் வளர்ந்ததோடு நில்லாமல், இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும்கூட அங்கங்கே முளைத்தது. 1998-இல் வெளிவந்த அச்சிறு கட்டுரையை, பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் வாசல் என்றே நான் கருதுகிறேன். ஆட்டிடையன் கண்ட அவலமும் கோழிமுட்டையில் கண்ட ரகசியமும் ஒன்றுகூடி, மனிதக் குருத்தணுவுக்கு வழிசொல்லும் சாதனமாயின.

அவ்வழி நேராக அமையவில்லை. 2001-இல் அமெரிக்க தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையத்தார் எலியின் குருத்தணுக்களிலிருந்து இன்சுலின் அணுக்களைப் பெற்றதாக அறிவித்தார்கள்; உலகமெங்கும் பத்திரிகைகள் கொண்டாடின. மெல்டனின் ஆய்வுச்சாலையில் அதே முறையைத் திரும்பச் செய்து பார்த்த ராஜகோபால் முதலானோர் 2003-இல் கண்டது வேறு. அவ்வணுக்களுக்குள் இன்சுலின் இருந்தது மெய். ஆனால் அவை அதைச் செய்யவில்லை. அவற்றை வளர்க்கும் போஷணை நீரில் கலந்திருந்த இன்சுலினையே அவை உறிஞ்சி வைத்திருந்தன. இரண்டையும் எவ்விதம் பிரித்தறிவது? பீட்டா அணு முதலில் புரோஇன்சுலின் என்னும் நீண்ட சங்கிலியைச் செய்து, பிறகு அதை வெட்டி இன்சுலினையும் சி-பெப்டைடு என்னும் துண்டையும் சரிக்குச் சரியாக வெளிவிடுகிறது என்பதை 1967-இல் டொனால்டு ஸ்டைனர் கண்டுபிடித்திருந்தார். வீட்டில் அரிசி இருப்பதால் மட்டும் நெல் அங்கே குத்தப்பட்டது என்று ஆகாது, உமியும் கிடந்தால்தான் நம்பலாம் அல்லவா? சி-பெப்டைடு அந்த உமி. அந்த அணுக்களில் உமி இல்லை. அதுமுதல் இத்துறையில் சி-பெப்டைடு காட்டாத எந்த உரிமைகோரலையும் எவரும் ஏற்பதில்லை. உலகம் புகழ்ந்த ஒரு வெற்றியை இரண்டே ஆண்டில் மறுத்துரைக்கும் தைரியமும், அம்மறுப்பை வெளியிடும் நேர்மையும் இருந்ததாலேயே மேற்கொண்டு அடியெடுத்து வைக்க முடிந்தது.

2005-இல் சான் டியேகோ நகரத்து நோவோசெல் நிறுவனத்தில் டாமூரும் அவருடைய குழுவினரும், ஆக்டிவின் என்னும் புரதத்தைக் கொடுத்து மனிதக் குருத்தணுக்களை முதற்படியாகிய குடற்படலத்தின் அணுக்களாக்கினர். மறு ஆண்டில் சைக்ளோபமின் இனத்து மருந்தையும் சேர்த்து ஐந்து படிகளில் கணைய ஹார்மோன் சுரக்கும் அணுக்கள் வரை கொண்டுசென்றனர். அவற்றில் இன்சுலின் போதிய அளவு இருந்தது, உமியும் இருந்தது. ஆனால் ஒரே அணு இன்சுலினையும் குளுககான் என்னும் மற்றொரு ஹார்மோனையும் ஒருங்கே சுமந்து தன் தொழில் இன்னதென்று தெளியாமல் நின்றது. சர்க்கரை கூடினால் கூடுதலாகச் சுரக்க வேண்டுமென்ற அறிவு அதற்கு இல்லை. 2008-இல் அதே குழுவினர், முற்றாத அணுக்களை எலியின் உடலில் வைத்து அங்கேயே முற்றவிட்டனர். சில மாதங்களில் அவை உணர்வு பெற்றன.

கிண்ணத்திலேயே முற்றச் செய்த பெருமை 2014-இல் மெல்டனையும், அவருடைய ஆய்வுச்சாலையில் பணிபுரிந்த ஃபெலிசியா பாக்லியூகாவையும் சேர்ந்தது. அதே ஆண்டில் கனடாவின் டிமதி கீஃபர் முதலானோரும் அம்முடிவுக்கு வந்தனர். ஆறு படிகள், ஏறத்தாழ ஐந்து வாரங்கள், பதினொரு மருந்துப் பொருள்கள். லில்லியின் நஞ்சு செய்த வேலையை இப்போது செயற்கையாகச் செய்த வேறொரு மருந்து செய்கிறது. அரை லிட்டர் குடுவையில் இடைவிடாமல் சுழலும் செந்நிற நீரில், கண்ணுக்குத் தூசியாய்த் தோன்றும் சிறு உருண்டைகள் மிதக்கின்றன. ஒரு குடுவையில் முப்பது கோடி அணுக்கள். அவற்றில் பாதியளவு பீட்டா அணுக்கள். அவ்வுருண்டைகள்மீது டித்திசோன் என்னும் சாயத்தைச் சொட்டினால், இன்சுலினோடு சேர்ந்திருக்கும் துத்தநாகத்தை அது பற்றிக்கொள்வதால், வெளிறிய உருண்டை சில நிமிஷங்களில் குங்குமச் சிவப்பாகிறது. சர்க்கரைநீரை ஊற்றினால் சுரக்கிறது, எடுத்தால் அடங்குகிறது, மறுபடி ஊற்றினால் மறுபடி சுரக்கிறது.

நம் தேசத்து முயற்சியை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமாகாது. புனே நகரத்துத் தேசிய உயிரணு விஞ்ஞான மையத்தில் ரமேஷ் போண்டேயும் அவருடைய மாணவர்களும், குறைந்த செலவில் ஆராயும் நோக்கத்துடன், கோழிக்குஞ்சின் கணையத் திட்டுகளையே மருந்துகளைச் சோதிக்கும் சாதனமாக்கலாம் என்று 2006-இல் எழுதினார்கள். கருக் குருத்தணுவைப் பற்றிய தர்மசங்கடங்கள் தீராத அக்காலத்தில், அறுவை சிகிச்சையில் கழித்தெறியும் மனிதக் கொழுப்பிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து, பத்தே நாட்களில் திட்டுகளை ஒத்த திரள்களாக்கி, அவற்றை எதிர்ப்புச் சக்தி தீண்டாத உறையிலிட்டுச் சர்க்கரை நோய் ஏற்றிய எலிகளுக்கு வைத்தனர். மூன்று நான்கு வாரங்களில் எலிகளின் ரத்தச் சர்க்கரை சமநிலைக்கு வந்ததென 2011-இல் விகாஸ் சந்திரா முதலானோர் அறிவித்தனர். எலியில் கண்ட இப்பலன் மனிதனுக்குச் சிகிச்சையாக வளரவில்லை. கொழுப்பின் அணு முழுமையான பீட்டா அணுவாவது கடினம் என்பதே இன்று பெரும்பான்மையோர் மதிப்பீடு. ஆயினும் பெருஞ்செல்வம் படைத்த ஸ்தாபனங்களுக்கு நடுவில் எளிய சாதனங்களைக் கொண்டு அவர்கள் கேட்ட கேள்வி தரமானது.

2006-இல் ஜப்பானிய விஞ்ஞானி யாமனாகா எலியின் தோல் அணுவையும், மறு ஆண்டில் மனிதத் தோல் அணுவையும் திரும்பக் குருத்தணுவாக்கிக் காட்டியபின் கருவைப் பற்றிய சங்கடம் தணிந்தது. அதைவிடப் பெரிய லாபம் ஒன்றும் கிடைத்தது. நோயாளியின் தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ எடுத்த அணுவைக் குருத்தணுவாக்கி, அதையே பீட்டா அணுவாக வளர்த்தால், அம்மனிதனுக்கே உரிய ஜீன்களைச் சுமந்த பீட்டா அணுவை, அவன் உடலைத் தொடாமல், கிண்ணத்தில் வைத்து ஆராயலாம். எம்மருந்து அதை ஊக்குகிறது, எது கெடுக்கிறது, எந்த ஜீனின் பழுது எந்தப் படியில் தடுமாறச் செய்கிறது என்பதெல்லாம் நேரில் தெரியும். சிகிச்சையைவிட முன்னதாகவும் விரிவாகவும் பயன்தரப் போவது இந்த ஆராய்ச்சிதான் என்பது என் துணிபு.

சிகிச்சையும் தொடங்கிவிட்டது. மெல்டனின் கண்டுபிடிப்பை ஏற்ற வெர்டெக்ஸ் நிறுவனத்தார் 2021-இல் முதல் நோயாளிக்கு இவ்வணுக்களைக் கல்லீரல் நாளத்தில் செலுத்தினர். 2025 ஜூனில் வெளிவந்த அறிக்கையின்படி, முழு அளவு பெற்ற பன்னிருவரில் பத்துப் பேர் ஓராண்டு முடிவில் ஊசியின்றி இருந்தார்கள். சர்க்கரை திடீரென்று தாழ்ந்து நினைவிழக்கும் அபாயம் பன்னிருவருக்கும் நீங்கிற்று. சீனாவில் டெங் ஹாங்குவே குழுவினர், ஒரு பெண்ணின் சொந்த அணுக்களிலிருந்தே திட்டுகளைச் செய்து அவளுடைய வயிற்றுத் தசையின் உறைக்கடியில் வைத்து, எழுபத்தைந்து நாட்களில் அவளை ஊசியிலிருந்து விடுவித்த செய்தி 2024-இல் வந்தது. ஆனால் வெர்டெக்ஸ் சோதனையில் இருவர் மரித்தனர். ஒருவர் மரணத்துக்குக் காரணம் மூளை உறையைத் தாக்கிய பூஞ்சைத் தொற்று. புதிய அணுக்களை உடல் அழிக்காதிருக்க வாழ்நாளெல்லாம் எதிர்ப்புச் சக்தியை ஒடுக்கும் மருந்தை உட்கொள்ள வேண்டியிருப்பதுதான் இச்சிகிச்சையின் பெருங்குறை.

இதனால்தான், ஸ்டெம் செல் என்னும் குருத்தணு ஊசி ஒன்றே போதும், சர்க்கரை ஒழிந்துவிடும் என்று துண்டுப் பிரசுரங்களிலும் கைபேசியிலும் வரும் விளம்பரங்களைக் காணும்போது எனக்கு ஆற்றாமை மேலிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வகுத்த நெறிகளின்படி, சில ரத்த வியாதிகளைத் தவிர வேறெதற்கும், சர்க்கரை நோய் உட்பட, முறையாகப் பதிவு செய்த பரிசோதனைக்கு வெளியே குருத்தணுச் சிகிச்சை அளிப்பது தகாது. பரிசோதனையில் சேர்பவரிடம் பணம் கேட்பதும் தகாது. நிலத்தை அடகு வைத்துப் பல லட்சம் கொடுக்கத் துணியும் தகப்பன் கேட்டறிய வேண்டியவை இரண்டு: இது பதிவு செய்த பரிசோதனையா? என் பிள்ளையின் சி-பெப்டைடு எவ்வளவு உயர்ந்ததென்று காட்டுவீர்களா? இவ்விரண்டுக்கும் விடை வராத இடத்தில் ஊசிக்குக் கை நீட்டவேண்டாம். நாளாந்த இன்சுலினை ஒரு வேளையும் நிறுத்தவேண்டாம்.

எதிர்ப்புச் சக்தியை ஒடுக்காமலே அணுக்களைக் காப்பதற்கான முயற்சி சுவீடனின் உப்சாலா நகரத்தில் நடக்கிறது. தானம் பெற்ற திட்டுகளின் ஜீன்களைத் திருத்தி, உடலின் காவலர் கண்ணுக்குப் புலப்படாதபடி ஆக்கி, ஒரு நோயாளியின் முன்கைத் தசையில் செலுத்தினார்கள்; பன்னிரண்டு வாரங்களுக்குப் பின்னும் அவை சி-பெப்டைடு சுரந்து உயிரோடு இருந்ததாக 2025-இல் எழுதினார்கள். செலுத்திய அளவு சொற்பமாதலால் அந்நோயாளி இன்னும் ஊசி போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

அடுத்த இயலில் வேலூருக்குச் செல்வோம். போதிய ஆகாரமின்றி மெலிந்த உடம்போடு வளர்ந்த ஏழை இளைஞர்களுக்கு வரும் சர்க்கரை நோய் தனியொரு வகை என்று பல்லாண்டு வாதாடி வந்த வைத்தியர்கள் 2025 ஜனவரியில் அங்கே கூடிச் செய்த தீர்மானத்தையும், அதே ஆண்டு ஏப்ரலில் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் அதை ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டதையும், பீட்டா அணு பசியால் என்ன ஆகிறது என்பதையும் அங்கே காண்போம்.